நகரக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் பாதுகாப்பு: பெற்றோர் அறியவேண்டியவை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, கொழும்பிலோ மொறட்டுவையிலோ பேராதனையிலோ பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அறிந்த அன்று வீட்டில் மகிழ்ச்சி. மறுநாட் காலையிலேயே கவலை வந்து குந்திக்கொள்கிறது. எங்கே தங்குவது? யார் சமைத்துக் கொடுப்பது? இரவு பஸ்ஸில் தனியே வந்து போகலாமா? பெண்பிள்ளையென்றால் கேள்விகள் இரட்டிப்பாகும். நற்சாட்சிக் கடிதம் வாங்க அறைவீட்டுக்கு வரும் பெற்றோர், கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்ட பின்னர் கதவடியில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சுவாமி, பிள்ளை அங்கை பத்திரமாய் இருக்குமோ?”

“ஆண்டவர் பார்த்துக்கொள்வார், பயப்படாதேயுங்கோ” என்று மறுமொழி சொல்லி அனுப்பிவிடலாம். அது உண்மையான மறுமொழியுங்கூட. ஆயினும் அதோடு நின்றுவிட்டால், பெற்றோரும் நாமும் செய்யவேண்டிய வேலையை ஆண்டவர்மேல் சுமத்தியவர்களாவோம். ஆகவே அக்கேள்வியை இவ்வாரம் சற்று விரிவாக ஆராய்வோம். பெற்றோர் அஞ்சும் ஆபத்து ஓரிடத்திலும், பிள்ளையை உண்மையில் தேடிவரும் ஆபத்து வேறோரிடத்திலும் இருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதைவிட முக்கியமாக, ஆபத்து வந்தபின் அதை வீட்டுக்குச் சொல்ல அப்பிள்ளைக்கு வழி திறந்திருக்கிறதா என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்த்ததேயில்லை.

பழைய பயம்

தமிழ்ப் பெற்றோருக்குத் தெற்கு நகரங்களைப் பற்றியுள்ள அச்சம் வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடவேண்டியதாயிற்று. அதே ஆண்டு யூலையில் கொழும்பில் நடந்தவற்றை இங்கு விவரிக்கத் தேவையில்லை. இன்று பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாரிற் பலர் அவற்றை நேரிற் கண்டவர்கள். 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்திக் கட்டளையிட்டது. எனினும் அந்த ஒரு நாளின் படங்கள் பல தாய்மாரின் மனத்திலிருந்து இன்னும் அழியவில்லை.

போர் 2009இல் முடிந்தது. ஆனால் பயம் நம் வீடுகளில் தங்கிவிட்டது. அது இன்னமும் பழைய இடங்களிலேயே ஆபத்தைத் தேடுகிறது: சந்தியில் நிற்கும் சீருடையில், வேற்று மொழி பேசும் அயலவரில். இதில் எதுவும் முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. வீட்டோடு வைத்துப் படிப்பித்தால் எல்லாம் நலமே என்ற எண்ணமும் தவறு. 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தனர். அவர்கள் படித்தது நம் மண்ணில், நம்மவர் நடுவில்.

நாளாந்த ஆபத்துகள்

நகரத்து வாழ்வின் சிறிய ஆபத்துகளை முதலிற் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதியில் ரயில் பாதை கடற்கரையை ஒட்டியே செல்கிறது. கடற்கரைக்குப் போவோர் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். சிலர் அதன்மேலேயே நடக்கிறார்கள். கடல் இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்பதில்லை. காதில் தொலைபேசிப் பாட்டும் இருந்தால் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் களப்பிலும் மன்னார்க் கரையிலும் நீந்திப் பழகிய பிள்ளை, கொழும்புக் கடலையும் அப்படியே எண்ணிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில் அந்தக் கடல் வேறு கடல். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளும் மகாவலி ஆறும் அவ்வாறே. தோழர்களோடு உல்லாசப் பயணம் போன இடத்தில் நீரில் மூழ்கிய செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதன்று.

அறை பார்க்கும்போது வாடகையையும் கோவிலுக்குள்ள தூரத்தையும் விசாரிக்கும் நாம், இரவில் வெளிக்கதவின் திறப்பு யாரிடம் இருக்கும், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியுண்டா, யன்னற் கம்பிகள் திறக்கக்கூடியவையா, ஒரே செருகியில் எத்தனை மின்னடுப்புகள் தொங்குகின்றன என்பவற்றையும் பார்க்கவேண்டும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குவதை வெட்கமென எண்ணவேண்டாம். ‘ஐஸ்’ என்னும் போதைப்பொருளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அது கொழும்பில் மட்டும் விற்கப்படும் பொருள் என்று இன்னும் நம்பும் பெற்றோர் தம் சொந்த ஊர்ச் சந்தியையும் ஒருமுறை பார்ப்பது நன்று.

இவையெல்லாம் சொல்லிக் கொடுக்கக்கூடியவை, பிள்ளையும் கேட்டுக்கொள்ளும். சொல்லிக் கொடுத்தும் தீராத ஆபத்தொன்று உண்டு. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அதைப் பற்றியதே.

பகிடிவதை

பெயரிற் பகிடி இருக்கிறது. அதனாற்றான் பலர் அதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணிவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பட்டதாரிகள் கலியாண வீடுகளில் கூடும்போது, தம் முதலாமாண்டில் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பக்கத்தில் இருந்து கேட்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன பாடம் படிக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். 1975இல் பேராதனையில் ஒரு மாணவி, பகிடிவதையினின்றும் தப்புவதற்காக இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாதவரானார். 2002இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுக் காலம் அந்தக் குடும்பம் பட்டதைக் கலியாண வீட்டுப் பகிடிக்காரர் எவரும் சொல்வதில்லை. 1997இல் அதே பேராதனையில், பொறியியற் பீடத்துக்கு வந்த தமிழ் மாணவர் ஒருவர், மூத்த மாணவரின் கட்டளைப்படி கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யவைக்கப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். 2020 மார்ச் மாதத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட பெரிய ரயர் ஒன்று தாக்கி, முதலாமாண்டு மாணவர் ஒருவர் தலையிற் படுகாயமடைந்தார்.

தெற்கில் மட்டுந்தான் இவை நடக்கும் என்பாரும் உளர். 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலே, புதிய மாணவிகள் கைத்தொலைபேசி வழியாகப் பாலியல் வகையில் துன்புறுத்தப்பட்ட விடயம் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அங்கே செய்தவரும் பட்டவரும் நம் பிள்ளைகளே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப்பின் உதவியுடன் அரச பல்கலைக்கழகங்களில் நடத்திய ஓர் ஆய்வில், மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாய்மொழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரியவந்தது.

மகளுக்கு ஆயிரம் புத்தி சொல்லி, மகனை “ஆம்பிளைப் பிள்ளைதானே” என்று ஒரு பையுடன் பஸ்ஸில் ஏற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1997இல் உயிரிழந்தவரும் 2020இல் தலையில் அடிபட்டவரும் ஆண்பிள்ளைகளே என்பதை அத்தகைய தந்தைமாருக்கு ஞாபகப்படுத்துகிறோம்.

இது எவ்வாறு நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். முதல் வாரத்தில் அடியும் இல்லை, உதையும் இல்லை. புதிய மாணவனுக்கு ஒரு பட்டப்பெயர் இடப்படுகிறது. பெரும்பாலும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லமுடியாத பெயர். இன்ன உடைதான் உடுக்கவேண்டும், இன்ன செருப்புத்தான் போடவேண்டும், இந்த வழியால் நடக்கக்கூடாது, இந்தச் சிற்றுண்டிச்சாலைக்குள் போகக்கூடாது என்று சட்டங்கள் வருகின்றன. இரவில் கூட்டம் கூட்டமாக அழைத்து நித்திரை கெடுப்பார்கள். பிறகு முழங்காலில் நிற்றல், நூற்றுக்கணக்கில் இருந்தெழும்பல். அதற்குமேல் நடப்பவற்றைக் குடும்பங்கள் கூடி வாசிக்கும் பத்திரிகையில் எழுத விரும்பவில்லை.

உடன்படாத மாணவனை அடிக்கவேண்டிய அவசியமேயில்லை. அவனோடு ஒருவரும் பேசமாட்டார்கள். முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் குறிப்புகளும் அவனுக்குக் கிடையா. மூத்த மாணவர் இளையவர்களுக்கு இலவசமாக நடத்தும் பாட வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பேச்சில் ‘குப்பி’ என்று பெயர், அதிலும் இடமில்லை. சங்கங்களில், விளையாட்டில், கலைவிழாவில் எதிலும் அவன் இல்லை. ஊரை விட்டு இருநூறு மைலுக்கு அப்பால், சிங்களமும் சரளமாக வராத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கலைவிட முழங்காலில் நிற்பது இலகுவாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

இதனைச் செய்வோர் ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்கள். பணக்காரன், ஏழை, பெரிய கல்லூரி, சின்னப் பள்ளிக்கூடம் என்ற வேற்றுமைகளை உடைத்து எல்லாரையும் ஒன்றாக்குகிறோம் என்பார்கள். வேற்றுமைகள் உண்மையே; அவற்றை வெறுப்பதும் நல்லதே. ஆனால் நடப்பதைப் பார்த்தால், கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த ஏழை மாணவனே அதிகம் அகப்படுகிறான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விடுதியை விட்டுத் தனியறை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

“எங்கடை ஊர் அண்ணாமார் இருக்கினம்”

நம் பெற்றோர் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான். பேராதனையில் அல்லது மொறட்டுவையில் மேலாண்டுகளில் படிக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து, “தம்பி, இவனைப் பார்த்துக்கொள்ளும்” என்று கையில் ஒப்படைத்து, பலகாரப் பொதியும் கொடுத்து நிம்மதியடைகிறார்கள். பலர் உண்மையாகவே பார்த்துக்கொள்கிறார்கள்; அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆயினும் ஒரு கசப்பான உண்மையைப் பெற்றோர் தெரிந்திருக்கவேண்டும். சிங்கள மாணவர் பெரும்பான்மையாக உள்ள வளாகங்களில் தமிழ் மாணவனைப் பகிடிவதை செய்வோர் பெரும்பாலும் தமிழ் மாணவரே. மொழி அப்படி அமைந்துவிட்டது. அடைக்கலம் கொடுக்கவேண்டியவனும் அடக்குபவனும் ஒரே அண்ணாவாக இருந்தால், பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த அண்ணாவின் தாயும் தன் தாயும் ஒரே கோவிலில் அருகருகே இருப்பவர்கள் என்பதும் அதன் வாயைக் கட்டிவிடுகிறது.

எருசலேமிலிருந்து திரும்பிய வழியில், பன்னிரண்டு வயது மகன் உறவினர் கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணியே மரியாளும் சூசையும் ஒருநாட் பயணத் தூரம் நடந்துவிட்டார்கள். இதனைப் பெற்றோருக்குக் குறையாகச் சொல்லவில்லை. கூட்டத்தை நம்புவது நல்ல குடும்பங்களுக்கும் இயல்பு. ஆனால் அன்று மாலை அவர்கள் செய்தது, நம்பிக்கொண்டு படுத்துறங்கியதன்று. கூட்டத்துக்குள் தேடினார்கள், காணாதபோது வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

ஏன் சொல்வதில்லை?

ஞாயிறு மாலையில் வீட்டிலிருந்து போகும் தொலைபேசி அழைப்பைக் கொஞ்சம் கேட்போம்.

“சாப்பிட்டியே?”

“ஓம் அம்மா.”

“படிப்பு எப்பிடிப் போகுது?”

“பரவாயில்லை.”

“பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லை.”

“அப்பா பக்கத்திலை நிக்கிறார், கதைக்கிறியே?”

“வேண்டாம் அம்மா, வகுப்பு இருக்கு.”

ஞாயிறு மாலையில் என்ன வகுப்பு? அதைத் தாய் கேட்கவில்லை. மகன் குரல் கேட்டதே போதும். “பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே” என்னும் கேள்வியைக் கவனியுங்கள். அதற்கு ‘இல்லை’ என்ற மறுமொழியை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். ‘உண்டு’ என்று சொல்லவேண்டுமானால் பிள்ளை தாயின் வார்த்தையை மறுக்கவேண்டும். தாயின் நித்திரையைக் கெடுக்கவேண்டும். பாசமுள்ள பிள்ளை அதைச் செய்யாது. பொய் சொல்லாதே என்று வளர்த்த பிள்ளைக்கு, நாமே வாரந்தோறும் ஒரு சிறு பொய்யைப் பழக்குகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இதைவிடப் பாரமானது. “உன்னைப் படிப்பிக்கத்தான் காணியை ஈடு வைச்சம்”, “அக்காவின்ரை சங்கிலி உன்ரை கொம்பியூட்டராய்ப் போச்சு” என்று சொல்லியே பிள்ளையை வழியனுப்புகிறோம். சொன்னது பொய்யன்று. பொறுப்பு வரட்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விடுதிக் கூடத்தில் முழங்காலில் நிற்கும் பிள்ளையின் காதில் அந்த வசனம் வேறுவிதமாகக் கேட்கும். ‘நான் இதை விட்டு ஓடினால் காணியும் போய்விட்டது, சங்கிலியும் போய்விட்டது’ என்று கேட்கும். ஊரில் முதன்முதலாக மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ போன பிள்ளையென்று கோவிலில் மாலை போட்டிருந்தால் பாரம் இன்னுங் கூடும். அதற்காகப் பாராட்டு விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போட்டவர்கள் பிறகு விசாரிக்கவும் வேண்டும்.

பேசும் முறையைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். ‘இல்லை’ என்று முடிக்கமுடியாத கேள்விகளைக் கேட்கவேண்டும். இன்று மத்தியானம் எங்கே சாப்பிட்டாய், யாரோடு? நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்? அறையில் உன்னோடு இருப்பவனின் ஊர் எது, வீட்டில் எத்தனை சகோதரங்கள்? இவற்றுக்கு மறுமொழி சொல்லும்போது பிள்ளையின் நாள் கண்முன் வரும். தனியே சாப்பிடுகிறது, மூன்று இரவாக நித்திரை இல்லை, அறையில் இருப்பவனின் பெயரே தெரியாது என்றால் விடயம் உண்டு. வழக்கத்துக்கு மாறாகப் பணம் கேட்டல், திடீரென மொட்டையடித்த தலை, வீட்டுக்கு வந்தால் திரும்பிப்போகும் நாளில் வரும் வயிற்றுக்குத்து ஆகியவற்றையும் கவனிக்கவேண்டும்.

வழியனுப்பும்போது சொல்லவேண்டியது ஒன்றுண்டு. என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொல்லலாம், தேவையென்றால் அன்றிரவே பஸ் ஏறி வரலாம், படிப்பை வேறு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அது. இதனைத் தந்தை சொல்வது நல்லது. ஏனெனில் நம் வீடுகளில் பிள்ளை அஞ்சுவது தந்தையின் முகத்துக்கே. ஆனால் மனமில்லாமற் சொல்லவேண்டாம். பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வந்து படலையடியில் நின்றால் என் முகம் எப்படி இருக்கும் என்று தந்தை முதலில் தனியே யோசித்துப் பார்க்கட்டும். ‘அயலட்டை என்ன சொல்லும்’ என்பதே முதல் எண்ணமாக வருமானால், அந்தப் பிள்ளைக்கு வீடு இன்னும் பாதுகாப்பான இடமாகவில்லை.

உடம்பு சொல்லும் செய்தி

1997ஆம் ஆண்டு மரணத்தில் சிறுநீரகம் ஏன் செயலிழந்தது என்று பலருக்கு விளங்குவதில்லை. பழக்கமில்லாத உடம்பை எல்லைமீறி வருத்தும்போது தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் பொருள் இரத்தத்திற் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்குகிறது. நீர் குடிக்கவிடாமல், வெயிலில், நித்திரையின்றிச் செய்வித்தால் ஆபத்து பன்மடங்கு. கடுமையான தசைநோவும் வீக்கமும், வாந்தி, சிறுநீர் குறைதல், சிறுநீர் சாயத்தண்ணியின் நிறத்திற் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றிலொன்று தோன்றினாலும் நோமாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கக்கூடாது; சில நோமாத்திரைகள் சிறுநீரகத்துக்கு மேலும் கேடு செய்யும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன செய்விக்கப்பட்டது என்பதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லவேண்டும். காலத்தோடு போனால் காப்பாற்றலாம். பயணம் புறப்படுமுன் பிள்ளைக்கு இதைச் சொல்லிவையுங்கள். தனக்கு இல்லாவிட்டாலும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு உதவும்.

உடம்பில் தெரியாத காயமும் உண்டு. சாப்பாடு வேண்டாம் என்பது, யாரோடும் பேசாதிருப்பது, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பது போன்ற சொற்கள் வந்தால் அதை நடிப்பென்று தள்ளிவிடக்கூடாது. அன்றைக்கே ஒருவர் நேரிற் போகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1997ஆம் ஆண்டு நிகழ்வுகளின் பின்னர், பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் வேறு வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயத்தை மட்டுமன்றி, உளக்காயத்தையும் மனவேதனையையும் பயத்தையும் உண்டாக்கும் செயலும், உண்டாக்கக்கூடிய செயலும் அச்சட்டத்தின்படி பகிடிவதையே. ஆகவே ‘நாங்கள் தொடவேயில்லை’ என்பது மறுமொழியாகாது. வளாகத்துக்கு வெளியே, தனியார் வீட்டு அறையில் நடந்தாலும் குற்றமே. பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமன்றி, கல்வியியற் கல்லூரிகளுக்கும் தொழினுட்ப நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைந்தால் 10 ஆண்டு வரை. அத்தகைய வழக்கில் சந்தேகநபருக்குப் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. பயமுறுத்தி ஒன்றைச் செய்விப்பது தனிக்குற்றம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டளையிடலாம். குற்றவாளியைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தும் பகிடிவதை ஒழியவில்லையே என்று கேட்பீர்கள். முறைப்பாடு இல்லாமற் சட்டம் தானாக எழுந்து நடப்பதில்லை. முறைப்பாடு வந்தபின்னும் ‘பிள்ளைகளின் எதிர்காலம்’ என்று சமரசம் பேசும் பெரியவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எந்தப் பிள்ளையின் எதிர்காலம் என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும்.

முறைப்பாடு செய்வோர் நடந்ததைத் திகதி, நேரம், இடம், இருந்தவர்கள் என்ற ஒழுங்கில் எழுதிக்கொள்ளவேண்டும். தொலைபேசியில் வந்த செய்திகளை அவமானமென்று அழித்துவிடவேண்டாம், அவையே சாட்சி. காயமிருந்தால் அரச ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு பெறவேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி, துணைவேந்தர் ஆகியோரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியாகவும் முறையிடலாம். அடிதடி, பாலியல் கொடுமை என்றால் பொலிஸாரிடம் போவதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையில்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் ஒப்பமிடவேண்டாம்; தமிழிற் பதியும்படி கேட்பது நம் உரிமை. தனியே போகப் பயமென்றால் அந்த நகரத்துப் பங்குத் தந்தையரிடம் அல்லது மாணவர் ஆன்ம குருவிடம் போய்ச் சொல்லுங்கள். பிள்ளை போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைச் சந்தித்துத் தன்னை அறிமுகஞ் செய்துகொண்டால், பின்பு கதவைத் தட்டுவது இலகு.

மற்றப் பிள்ளையின் பெற்றோர்

இதுவரை வாசித்த ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவர் பக்கத்திலேயே வைத்து வாசித்திருப்பார்கள். இந்த ஆண்டு அழுதுகொண்டு போகும் பிள்ளை அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டுக்கு வரும். அப்போது புதியவர்களை வரிசையில் நிறுத்துபவர்கள் யார்? அவர்களும் மறைக்கல்விக்குப் போனவர்கள். பீடப் பரிசாரகராய் நின்றவர்கள். யாரோ ஒரு தாயின் செல்லப்பிள்ளைகள். “என் பிள்ளைக்கு அங்கே என்ன செய்வார்களோ” என்று கேட்டு அறைவீட்டுக்கு வந்த பெற்றோர் பலர். “என் பிள்ளை அங்கே என்ன செய்கிறானோ” என்று கேட்டு வந்த ஒருவரையும் நாம் இன்னும் காணவில்லை.

தான் பட்டதைத் திருப்பிக் கொடுக்கும் ஆசை மனிதனுக்கு இயல்பு. அதோடு, செய்யாவிட்டால் தன் வகுப்பாரே தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயமும் சேர்கிறது. ஆகவே இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் வீட்டின் துணை வேண்டும். விடுமுறையில் வந்து நிற்கும்போது, பழைய அனுபவங்களைச் சொல்லிச் சிரிக்கும் பெரியப்பாவைச் சற்று அடக்கிவிட்டு, அமைதியாகப் பேசுங்கள். புதிய பிள்ளைகள் வந்துவிட்டார்களா, எத்தனை பேர், எந்த எந்த ஊர் என்று விசாரியுங்கள். அவர்களில் எத்தனை பேரின் சொந்தப் பெயர் உனக்குத் தெரியும் என்று கேளுங்கள். பட்டப்பெயர்களை மட்டுமே சொல்லத் தெரியுமென்றால், அன்றிரவுப் பஸ்ஸை மறுநாளைக்கு மாற்றிவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள்.